தற்காலிக வேலை விசா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓரிரு வருடமோ நாலைந்து வருடமோ வெளிநாட்டில் வேலை பார்க்கலாம் என்று கிளம்புகிறவர்கள் கேட்கும் கேள்விகளைக் கீழே தொகுத்திருக்கிறேன். இங்கே வரும் எண்களை விண்ணப்பிக்கும் நாளன்று அந்தந்த நாட்டுக் குடிவரவுத் துறையின் தளத்தில் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். விதிகள் சொல்லிக்கொண்டு மாறுவதில்லை. பிரிட்டன் 2025 ஜூலை 22 முதல் முதியோர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பராமரிப்புப் பணியாளர்களை வெளிநாட்டிலிருந்து புதிதாக எடுப்பதை நிறுத்தியது. அதே ஆண்டு செப்டம்பரில், வெளிநாட்டில் இருப்பவர்களுக்காகப் போடப்படும் புதிய எச்-1பி (பட்டம் தேவைப்படும் சிறப்புத் துறை வேலைகளுக்கான விசா) மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்ட வேண்டும் என்று அமெரிக்கா அறிவித்தது. பாதி வழியில் இருந்தவர்கள் திகைத்துப்போனார்கள்.

வேலை விசாவும் வொர்க் பெர்மிட்டும் ஒன்றுதானா?

பேச்சில் ஒன்றாகச் சொன்னாலும் காகிதத்தில் வேறு வேறு. விசா என்பது அந்த நாட்டின் வாசல் வரை வருவதற்கான அனுமதி. பெர்மிட் என்பது உள்ளே இன்ன முதலாளியிடம், இன்ன வேலையை, இன்ன தேதி வரை செய்யலாம் என்ற அனுமதி. பிரிட்டன் போன்ற நாடுகளில் இரண்டும் ஒன்றாகவே வரும். கனடாவில் தூதரகம் தருவது ஒரு கடிதமும் தேவைப்பட்டால் விசாவும் மட்டுமே. பெர்மிட்டை விமான நிலையத்தில் இறங்கியபிறகு எல்லை அதிகாரி அச்சடித்துத் தருவார். சிங்கப்பூரில் முதலில் கிடைக்கும் ஐபிஏ கடிதம் கொள்கையளவிலான ஒப்புதல்தான். அங்கே போய் மற்ற நடைமுறைகளை முடித்த பிறகுதான் உண்மையான பாஸ் வழங்கப்படும். எந்தக் காகிதம் எந்தக் கட்டத்துக்கு உரியது என்று தெரிந்திருந்தால், "எல்லாம் வந்துவிட்டது" என்று யாராவது சொல்லும்போது எது வரவில்லை என்பது உங்களுக்குப் புரியும்.

முதலில் விசாவா, வேலையா?

வேலைதான். தற்காலிக வேலை விசாக்களில் பெரும்பாலானவை உங்கள் விண்ணப்பத்தில் தொடங்குவதில்லை, முதலாளியின் விண்ணப்பத்தில் தொடங்குகின்றன. வெளிநாட்டு ஆளை எடுக்கலாம் என்று அந்த நாட்டு அரசிடம் அவர் முதலில் ஒப்புதல் வாங்க வேண்டும். அந்த ஒப்புதலுக்கு நாட்டுக்கு நாடு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரைத் தெரிந்துவைத்திருப்பதுதான் இந்த விஷயத்தில் உங்களுக்கு இருக்கும் மிகப் பெரிய பாதுகாப்பு.

கனடாவில் அது எல்எம்ஐஏ. அந்த வேலைக்கு உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்று முதலாளி காட்டி வாங்குவது. சில வகை வேலைகளுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு, ஆனாலும் முதலாளி தன் வேலைவாய்ப்பை அரசுத் தளத்தில் பதிந்து ஓர் எண் வாங்கித் தர வேண்டும். பிரிட்டனில் அது சர்டிஃபிகேட் ஆஃப் ஸ்பான்சர்ஷிப். பெயர்தான் சான்றிதழ், கையில் வருவது ஒரு குறிப்பெண் மட்டுமே. அதை வழங்கும் நிறுவனம் அரசின் உரிமம் பெற்ற ஸ்பான்சர் பட்டியலில் இருக்க வேண்டும். அந்தப் பட்டியலை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். அமெரிக்காவில் தொழிலாளர் துறையின் சான்று, அதன் பிறகு குடிவரவுத் துறையிடம் ஐ-129 மனு, அது ஏற்கப்பட்டதற்கான ஐ-797 அறிவிக்கை. இவற்றுக்குப் பிறகே தூதரக நேர்காணல். எச்-1பி என்றால் இதற்கும் முன்னால் குலுக்கல் ஒன்று இருக்கிறது. ஆண்டுக்கு 65,000 இடங்கள், அமெரிக்காவில் முதுகலை படித்தவர்களுக்குக் கூடுதலாக 20,000. ஜப்பானில் சர்டிஃபிகேட் ஆஃப் எலிஜிபிலிட்டி, மூன்று மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும். நியூசிலாந்தில் முதலாளி அங்கீகாரம் பெற்றவராக இருக்க வேண்டும், தனக்கு ஒப்புதலான வேலைக்கு அவர் அனுப்பும் ஜாப் டோக்கன் வழியாகத்தான் நீங்கள் விண்ணப்பிக்கவே முடியும்.

ஆகவே, "விசா இருக்கிறது, வேலையைப் பிறகு பார்க்கலாம்" என்று ஒருவர் சொன்னால் அவர் வரிசையைத் தலைகீழாகச் சொல்கிறார்.

முதலாளியே இல்லாமல் விண்ணப்பிக்க வழி இல்லையா?

உண்டு, ஆனால் குறுகலான வழிகள். சில நாடுகள் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டு இளைஞர்களுக்கு வொர்க்கிங் ஹாலிடே விசா தருகின்றன. வயது வரம்பு பொதுவாக 18 முதல் 30 வரை. ஜெர்மனி 2024 ஜூன் முதல் சான்சென்கார்ட்டே என்ற அட்டையைத் தருகிறது. படிப்பு, மொழி, அனுபவம், வயது ஆகியவற்றுக்குப் புள்ளிகள் போட்டு, தேறுகிறவர்கள் அங்கே போய் ஓர் ஆண்டு வரை வேலை தேடலாம். தேடும் காலத்தில் வாரம் 20 மணி நேரம் பகுதி நேர வேலையும் செய்யலாம். ஆனால் அந்த ஆண்டைச் சமாளிக்கப் போதுமான பணம் இருக்கிறது என்று முன்னாலேயே காட்ட வேண்டும். கையில் ஒன்றும் இல்லாமல் கிளம்புகிறவர்களுக்கு இது உதவாது.

ஏஜென்ட் "விசா ரெடி, பாதிப் பணம் மட்டும் கட்டுங்கள்" என்கிறார். நம்பலாமா?

பணத்தைப் பற்றிப் பேசும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். முதலாளியின் முழுச் சட்டப்பெயர் என்ன? அந்த நாட்டு அரசு அவருக்குக் கொடுத்த ஒப்புதலின் எண் என்ன? அந்த ஒப்புதல் என் பெயரில் வந்திருக்கிறதா, பெயரில்லாத பொது ஒதுக்கீடா? நேர்மையான ஏஜென்ட்டுக்கு இவை ஐந்து நிமிட வேலை. மற்றவர்கள், "அதெல்லாம் ரகசியம்", "நேற்று வந்த பையன் இப்படியெல்லாம் கேட்கவில்லையே" என்பார்கள். அந்தப் பையன் போய்ச் சேர்ந்தானா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

பெயர் கிடைத்ததும் நிறுவனத்தை நீங்களே தேடுங்கள். ஏஜென்ட் கொடுத்த தொலைபேசி எண்ணை விட்டுவிடுங்கள். நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் உள்ள எண்ணை அழைத்து, இந்தப் பதவிக்கு ஆள் எடுக்கிறீர்களா என்று விசாரியுங்கள். ஆஃபர் லெட்டர் இலவச மின்னஞ்சல் முகவரியிலிருந்து வந்திருந்தாலோ, நேர்காணலே வைக்காமல் வேலை உறுதியாகியிருந்தாலோ, சாதாரண வேலைக்கு நம்ப முடியாத சம்பளம் எழுதியிருந்தாலோ அங்கேயே நின்றுவிடுங்கள். தூதரகம் பணத்தைத் தனிநபர் கணக்குக்கு அனுப்பச் சொல்லாது. விசா உறுதி என்று எந்த அரசும் எந்த ஏஜென்ட்டுக்கும் வாக்குக் கொடுப்பதில்லை.

ஏஜென்ட்டுக்கே இடமில்லாத வழிகளும் இருக்கின்றன. வெளிநாட்டுத் தொழிலாளர்களை எடுக்கத் தென்கொரியா 2004 முதல் நடத்தும் இபிஎஸ் முறை அரசுக்கும் அரசுக்கும் இடையிலானது. கொரிய மொழித் தேர்வு எழுதி, தேறியவர்கள் பட்டியலில் இடம்பெற்று, அதிலிருந்து முதலாளிகள் தேர்வு செய்வார்கள். அதில் "உள்ளே ஆள் இருக்கிறது" என்று யாராவது பணம் கேட்டால் முழுப்பொய்.

செலவு யாருடையது?

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1997ஆம் ஆண்டு உடன்படிக்கை, எண் 181, வேலைக்கு ஆள் சேர்க்கும் தனியார் நிறுவனங்கள் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்கிறது. அதில் கையெழுத்திட்ட நாடுகள் அதிகமில்லை. ஆனால் பல நாடுகள் தங்கள் சட்டத்திலேயே இதை வைத்திருக்கின்றன. ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021ஆம் ஆண்டு தொழிலாளர் சட்டப்படி, ஆள் சேர்ப்புச் செலவை முதலாளி நேராகவோ மறைமுகமாகவோ தொழிலாளி தலையில் கட்டக் கூடாது. கனடாவில் எல்எம்ஐஏ கட்டணம் ஒரு பணியிடத்துக்கு 1,000 கனடிய டாலர், அதை முதலாளிதான் கட்ட வேண்டும், சம்பளத்திலும் பிடிக்கக் கூடாது. எல்எம்ஐஏவை விலைக்கு விற்கிறேன் என்று ஒருவர் சொன்னால் அவர் குற்றம் செய்கிறார். ஆஸ்திரேலியாவில் ஸ்பான்சர் செய்வதற்காகப் பணம் கேட்பது மட்டுமல்ல, கொடுப்பதும் தண்டனைக்குரியது. சிங்கப்பூர் ஏஜென்ட் கட்டணத்தை அனுமதிக்கிறது, ஆனால் உச்சவரம்போடு: ஒப்பந்தத்தின் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம், எப்படியும் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் போகக் கூடாது.

உங்கள் கையிலிருந்து நியாயமாகப் போகக்கூடியவை பாஸ்போர்ட், சான்றிதழ் சரிபார்ப்பு, மொழிபெயர்ப்பு, மெடிக்கல், மொழித்தேர்வு, பல நாடுகளில் விசாக் கட்டணம். பிரிட்டனில் இவற்றோடு அரசு மருத்துவச் சேவைக்கான சுகாதார மிகைக்கட்டணம் சேரும், பெரியவர்களுக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு. ஐந்தாண்டு விசா என்றால் ஐந்தாண்டுக்கும் சேர்த்து முன்கூட்டியே கட்ட வேண்டும். இது தெரியாமல் கடைசி வாரத்தில் வட்டிக்கு அலைகிறவர்கள் நிறையப் பேர்.

எதைக் கட்டினாலும் ரசீது வாங்குங்கள். ரசீது தர மறுக்கும் தொகை சட்டப்படி வாங்கக் கூடாத தொகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

விசிட் விசாவில் போய் அங்கே வேலை தேடிக்கொள்ளலாமா?

வேலை தேடுவதும் வேலை செய்வதும் ஒன்றல்ல. நேர்காணலுக்குப் போய்வருவதைச் சில நாடுகள் அனுமதிக்கும். சுற்றுலா விசாவில் ஒரு நாள் சம்பளம் வாங்கினாலும் அது சட்டமீறல். "விசிட்டில் இறங்கு, பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்பது வளைகுடா ஏஜென்ட்டுகளிடம் அடிக்கடி கேட்கும் வசனம். அமீரகம் 2024இல் சட்டத்தைத் திருத்தி, பெர்மிட் இல்லாமல் ஆள் வைத்துக்கொள்ளும் முதலாளிக்கு 1,00,000 முதல் 10 லட்சம் திர்ஹாம் வரை அபராதம் வைத்தது. முதலாளி அபராதம் கட்டிவிட்டுத் தொழிலை நடத்துவார். நாடு கடத்தப்படுவது நீங்கள். இடையில் சம்பளம் தராமல் ஏமாற்றினாலும், விபத்து நடந்தாலும், புகார் கொடுக்கப் போகும்போதே உங்கள் நிலை கோணலாகிவிடும்.

ஆவணங்களில் எதில் அதிகம் சிக்கல் வருகிறது?

பெயரில். பாஸ்போர்ட்டில் ஒரு எழுத்துக்கூட்டல், பட்டப்படிப்புச் சான்றிதழில் இன்னொன்று, அனுபவச் சான்றிதழில் மூன்றாவது. பாஸ்போர்ட்டில் உள்ளதைத்தான் அரசு பார்க்கும், மற்றவற்றை அதற்கு ஒத்துவரச் செய்ய வேண்டும். குடும்பப்பெயர் தனியாக இல்லாதவர்களுக்கு இன்னொரு தொல்லை. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான் இருந்தால் அமெரிக்க விசாவில் அது குடும்பப்பெயர் கட்டத்துக்குப் போய்விடும், முதற்பெயர் இருக்கும் இடத்தில் எஃப்என்யூ (முதற்பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று மூன்று எழுத்து விழும். பிறகு வங்கி, வரி, ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றிலும் அதுவே உங்கள் பெயர். முடிந்தால் விண்ணப்பத்துக்கு முன்பே பாஸ்போர்ட்டில் பெயரைப் பிரித்து எழுதிக்கொள்வது நல்லது.

அடுத்தது சான்றொப்பம், அதாவது உங்கள் சான்றிதழ்கள் உண்மையானவை என்று அரசு உறுதிசெய்வது. 1961ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இரண்டு நாடுகளும் சேர்ந்திருந்தால் ஓர் அப்போஸ்டில் முத்திரை போதும். சவூதி 2022இலும், சீனா 2023இலும், கனடா 2024இலும் இந்த வட்டத்துக்குள் வந்துவிட்டன. சேராத நாட்டுக்குப் போவதென்றால் உங்கள் வெளியுறவு அமைச்சகம், அதன் பிறகு அந்த நாட்டுத் தூதரகம் என்று ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். வாரக்கணக்கில் இழுக்கும். அதனால் வேலை உறுதியானதும் முதலில் தொடங்க வேண்டியது இதுதான்.

அனுபவச் சான்றிதழில் பதவியின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. என்ன வேலை செய்தீர்கள், முழு நேரமா, எந்தத் தேதியிலிருந்து எதுவரை என்று இருக்க வேண்டும். நிராகரிப்புகளில் பல இந்த ஒரு பக்கத்தில்தான் பிறக்கின்றன.

மெடிக்கலில் என்ன பார்ப்பார்கள்?

நாடு அங்கீகரித்த மையத்தில்தான் செய்ய வேண்டும், சொந்த மருத்துவரின் கடிதம் செல்லாது. வளைகுடா நாடுகளுக்கு வாஃபித் தளத்தில் பதிவு செய்து போக வேண்டும். பழைய பழக்கத்தில் பலர் இன்னும் காம்கா மெடிக்கல் என்றே சொல்கிறார்கள். காசநோய், எச்ஐவி, மஞ்சள் காமாலை வைரஸ்கள் போன்றவை பார்க்கப்படும். அங்கே போனபிறகும் குடியிருப்பு அனுமதிக்கு முன் இன்னொரு முறை சோதிப்பார்கள். பிரிட்டனுக்கு ஆறு மாதத்துக்கு மேல் போகிறவர்கள், பட்டியலில் உள்ள நாடுகளைச் சேர்ந்தவர்களாக இருந்தால், காசநோய்ச் சான்றிதழ் வைக்க வேண்டும். முன்பு காசநோய் வந்து குணமாகியிருந்தால் அதை மறைக்காமல் சிகிச்சைக் காகிதங்களோடு போங்கள். எக்ஸ்ரேயில் பழைய தழும்பு எப்படியும் தெரியும்.

நேர்காணலில் எப்படிப் பேச வேண்டும்?

சுருக்கமாக, உண்மையாக. அதிகாரிக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். என்ன வேலை, யாரிடம், எங்கே, எவ்வளவு சம்பளம், இதைச் செய்ய உங்களுக்கு என்ன தகுதி: இவற்றை உங்கள் வார்த்தையில் சொல்லத் தெரிய வேண்டும். மனப்பாடப் பதில் உடனே பிடிபடும். தன் முதலாளி இருக்கும் ஊரின் பெயரே தெரியாமல் நிற்பவரிடம் அதிகாரி மேற்கொண்டு என்ன கேட்பார்?

"திரும்பி வருவீர்களா" என்பது இன்னொரு கேள்வி. அமெரிக்காவின் எச்-2ஏ, எச்-2பி போன்ற பருவகால விசாக்களில் திரும்பும் எண்ணம் உண்டு என்று நம்பவைப்பது உங்கள் பொறுப்பு. எச்-1பி, எல்-1 (ஒரே நிறுவனத்துக்குள் இடமாற்றம்) விசாக்களுக்கு இந்த நிபந்தனை இல்லை, நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பித்துக்கொண்டே அவற்றில் இருக்கலாம். நீங்கள் கேட்பது எந்த வகை என்று தெரியாமல் பதில் தயாரிக்காதீர்கள்.

முன்பு ஒரு தடவை ரிஜெக்ட் ஆனது. சொல்லாமல் விட்டுவிடலாமா?

கூடாது. நிராகரிப்பு ஒரு குற்றமல்ல, பொய்தான் குற்றம். அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஐந்தும் கைரேகைத் தகவலைத் தங்களுக்குள் ஒப்பிட்டுப் பார்க்கின்றன. ஒன்றில் நடந்தது மற்றதில் தெரிந்துவிடும். தவறான தகவல் தந்தால் கனடாவில் ஐந்தாண்டுத் தடை, பிரிட்டனில் ஏமாற்று நிரூபணமானால் பத்தாண்டு வரை, அமெரிக்காவில் வாழ்நாள் தடையாகவே ஆகலாம். விண்ணப்பத்தை ஏஜென்ட் நிரப்பினார், எனக்குத் தெரியாது என்ற வாதம் பெரும்பாலும் எடுபடாது. கீழே கையெழுத்து உங்களுடையது. சமர்ப்பிக்கும் முன் நிரப்பிய படிவத்தின் நகலை வாங்கி ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். ஆங்கிலம் புரியாவிட்டால் புரிந்த ஒருவரை வைத்துப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

எத்தனை நாளாகும்? டிக்கெட் எப்போது போடலாம்?

மூன்று வாரத்தில் முடிந்ததும் உண்டு, எட்டு மாதம் இழுத்ததும் உண்டு. விசா கைக்கு வரும்வரை டிக்கெட் போடாதீர்கள், இருக்கும் வேலையையும் விடாதீர்கள்.

விசா வந்துவிட்டது. இனி உள்ளே நுழைவது உறுதிதானே?

இல்லை. கடைசி முடிவு எல்லை அதிகாரியுடையது. ஒப்பந்தம், முதலாளியின் கடிதம், அவரது தொலைபேசி எண், தங்குமிட முகவரி ஆகியவற்றைக் கைப்பையில் வையுங்கள், செக்-இன் பெட்டியில் வேண்டாம். எல்லை அதிகாரி தரும் காகிதத்தில் பெயர், முதலாளி, முடிவுத் தேதி மூன்றையும் அந்த இடத்திலேயே பாருங்கள். தவறு இருந்தால் கவுன்ட்டரை விட்டு நகரும் முன் சொல்லுங்கள். பிறகு திருத்துவது மாதக்கணக்கான வேலை. அமெரிக்காவில் எத்தனை நாள் இருக்கலாம் என்பதை விசா சொல்லாது, ஐ-94 என்ற வருகைப் பதிவுதான் சொல்லும். இறங்கிய சில நாட்களில் இணையத்தில் எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தில் எலெக்ட்ரீஷியன், அங்கே போனால் மூட்டை தூக்கச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

போன இடத்தில் புதிய ஒப்பந்தத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்பது மிகப் பழைய தந்திரம். அதனால்தான் கிளம்பும் முன் கையெழுத்தான ஒப்பந்தத்தின் படத்தை வீட்டில் ஒருவரிடம் விட்டுவிட்டுப் போகச் சொல்கிறேன். அமீரகம் போன்ற நாடுகளில் தொழிலாளர் அமைச்சகத்தில் பதிவான ஒப்பந்தமே செல்லும், முதலாளி மேசையில் வைக்கும் வேறு தாள் செல்லாது. புகார் அங்கேயே கொடுக்கலாம்.

கோபத்தில் வேறிடத்துக்கு ஓடிப்போய் வேலை செய்யாதீர்கள். பெர்மிட்டில் இல்லாத முதலாளியிடம் வேலை செய்தால் சட்டம் உங்கள் பக்கம் இருந்தும் இல்லாமல் போய்விடும். முறையாக மாறுவதற்கு இப்போது முன்பைவிட வழி இருக்கிறது. கத்தார் 2020 முதல் பழைய முதலாளியின் என்ஓசி (ஆட்சேபணையில்லாச் சான்று) இல்லாமலே மாற அனுமதிக்கிறது. கனடா 2019 முதல், முதலாளியால் துன்புறுத்தப்படும் தொழிலாளிக்கு யாரிடம் வேண்டுமானாலும் வேலை செய்யும் தனிப் பெர்மிட் தருகிறது. அமெரிக்காவில் எச்-1பி வேலை போனால் 60 நாள் வரை அவகாசம். ஆஸ்திரேலியா 2024 ஜூலையில், வேலை போனவர்களுக்குத் தரும் இத்தகைய அவகாசத்தை ஒரே தடவையில் 180 நாளாக, விசாக் காலம் முழுவதிலும் 365 நாளாக நீட்டியது.

முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்.

குடியிருப்பு அனுமதி அடிக்க இரண்டொரு வாரம் கேட்பது வேறு, பெட்டியில் பூட்டி வைப்பது வேறு. பின்னது பல நாடுகளில் குற்றம். கத்தாரில் அபராதம் 25,000 ரியால் வரை. முதலில் எழுத்தில் கேளுங்கள், வாட்ஸப் செய்தியும் எழுத்துதான். தராவிட்டால் தொழிலாளர் துறைக்கோ உங்கள் தூதரகத்துக்கோ போங்கள். பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், விசாப் பக்கம் இரண்டின் படமும் கைபேசியிலும் மின்னஞ்சலிலும் இருக்கட்டும்.

குடும்பத்தை அழைத்துப் போகலாமா?

திறன் மிகுந்த வேலைக்கு ஓரளவு எளிது, பருவகால வேலைக்குப் பெரும்பாலும் இல்லை. இடையில் சம்பள வரம்புகள் நிற்கின்றன. சிங்கப்பூரில் மாதம் 6,000 சிங்கப்பூர் டாலராவது வாங்க வேண்டும். விசா வகையைத் தேர்வு செய்யும்போதே இதைப் பாருங்கள், போனபிறகு தெரிந்து பயனில்லை.

காலம் முடிகிறது, நீட்டிப்பு இன்னும் வரவில்லை. தங்கலாமா?

முடிவுத் தேதிக்கு முன்பே விண்ணப்பம் போயிருந்தால் கனடா, பிரிட்டன் போன்ற நாடுகளில் பதில் வரும்வரை பழைய நிபந்தனைகளோடு இருக்கலாம், வேலையும் தொடரலாம். ஆனால் நடுவில் நாட்டை விட்டு வெளியே போனால் அந்தப் பாதுகாப்பு கெட்டுவிடக்கூடும். தேதி தாண்டி விண்ணப்பித்தால் இது எதுவும் கிடையாது. அமெரிக்காவில் சட்டவிரோதமாக 180 நாளுக்கு மேல் தங்கிவிட்டுக் கிளம்பினால் மூன்றாண்டும், ஓர் ஆண்டோ அதற்கு மேலோ என்றால் பத்தாண்டும் திரும்ப நுழையத் தடை.

நீட்டிப்பை அலுவலகத்தில் போட்டாயிற்று என்று எச்ஆர் வாயால் சொன்னால் போதாது. தேதியோடு கூடிய ரசீதின் நகலை, காலம் முடிவதற்கு ஒரு மாதம் முன்னாலேயே கேட்டு வாங்கிவிடுங்கள்.